பால் சங்கத்துக்கு மென்பொருளா? முதலில் வரிசையருகே போய் நில்லுங்கள்

கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன தரவுகள் வேண்டும் என்று செயலரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீதி, பால் அளப்பவரிடமும் பரிசோதகரிடமும் பால் ஊற்ற வருபவர்களிடமும் இருக்கிறது.

படி 1: காலையில் பால் எடுக்கும் நேரத்தில் போய் ஓரமாக நில்லுங்கள். எதுவும் கேட்க வேண்டாம், வரிசை நகரும் வேகத்தைப் பாருங்கள். அந்த அவசரத்தில் ஒருவருக்குப் பத்துக் கட்டங்களை யாராலும் நிரப்ப முடியாது. மாலையிலும் போங்கள். காலையில் வந்த அதே முகங்களைப் பார்க்கும்போது, தேதியோடு வேளையையும் பதிய வேண்டும் என்பது புரியும்.

படி 2: பேரேட்டை வாங்கிப் புரட்டுங்கள். அச்சடித்த பத்திகளைவிட ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பவை முக்கியம். ‘தீவனம் 2 மூட்டை’ என்று ஓரத்தில் கண்டால், பட்டுவாடாவில் பிடிக்க வேண்டிய தொகை ஒன்று உங்கள் பட்டியலில் விடுபட்டிருக்கலாம்.

படி 3: ‘உங்களுக்கு என்ன தேவை?’ என்று கேட்காதீர்கள். ‘கணக்குச் சரியாக வந்தால் போதும்’ என்பார்கள். ‘போன பட்டுவாடாவில் யார் சண்டைக்கு வந்தார்கள், எதற்காக?’ என்று கேளுங்கள். ஒரே தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட இருவரின் பணம் மாறிப்போனது, எருமைப்பாலைப் பசும்பாலாக எழுதிவிட்டது என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு சண்டையும் ஒரு தரவுக் கட்டம்.

படி 4: எண் எதுவானாலும் அதன் அலகைக் கேளுங்கள். நான் வழுக்கி விழுந்த இடம் இது. ‘அளவு’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தேன். சங்கத்தில் லிட்டரில் அளந்தார்கள். பாலை வாங்கிய இடத்தில் கிலோவில் எடை போட்டார்கள். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, 100 லிட்டர் ஏறக்குறைய 103 கிலோ வரும். தினமும் கணக்கு இடித்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் பரிசோதகர். அவரை முதல் நாளே கேட்டிருந்தால் பல நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

படி 5: இதுவரை சேர்ந்த கட்டங்களை அட்டவணையாக வரைந்து, அதில் நேற்றைய உண்மையான பதிவுகள் சிலவற்றை எழுதி, இன்றைய பதிவுகளை அவர்கள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். கணினி வேண்டாம், தாளே போதும். பேனா தயங்கும் இடத்தில் வட்டம் போட்டு, ஏன் என்று விசாரியுங்கள். மறுநாள் திருத்திய தாளுடன் போங்கள். ஒரு வேளைப் பதிவு முழுவதும் தங்குதடையின்றி நிரம்பிய பிறகு தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்குங்கள்.