பிப்ரவரி 26: கிராண்ட் கேன்யன் பூங்காவின் பிறந்த நாளைக் கொண்டாடுவது எப்படி

முதல் வேலையாக 25, 26 இரண்டு நாளுக்கும் லீவு சொல்லிவிடுங்கள். 1919 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்துப் போட்டு அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்கா ஆக்கினார். "சனி ஞாயிறுக்குத் தள்ளிப் போடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தள்ளாதீர்கள். தேதி முக்கியம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, போகப் போகச் சொல்கிறேன்.

நான் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பல்லாவரம். கல்குவாரிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள், கல்லைக் கண்டால் நின்றுவிடுவேன். அந்த ஆசையில் தொடங்கிய பயணம் இது. இப்போது எங்கள் வீட்டில் பொங்கலுக்கு அடுத்த பண்டிகை இந்தப் பூங்காவின் பிறந்த நாள்தான்.

என்ன கொண்டாடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கொலராடோ ஆறு அந்தப் பள்ளத்தாக்கை அறுக்கத் தொடங்கி ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு நம் வாழ்த்து தேவையில்லை. அதைத் தோண்டாமல், அடைக்காமல், கூறுபோட்டு விற்காமல் விட்டுவைப்போம் என்று மனிதர்கள் எடுத்த முடிவுக்குத்தான் பிறந்த நாள். அந்த முடிவு லேசில் வந்துவிடவில்லை. பெஞ்சமின் ஹாரிசன் செனட்டராக இருந்தபோது 1882-லேயே மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அதிபரான பிறகு 1893-ல் காப்புக்காடாக அறிவிக்க மட்டும் அவரால் முடிந்தது. 1908-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தேசிய நினைவிடம் என்று அறிவித்தார். பூங்கா ஆவதற்கு அதன் பிறகும் பதினோரு ஆண்டு ஆனது. குறுக்கே நின்றவர்களில் ஒருவர் ரால்ஃப் கேமரன். அவர் பெயர் கொண்ட ஊர் வழியாகத்தான் முதல் நாள் போகிறோம்.

25-ஆம் தேதி: கிழக்கு வாசல் வழியாக

ஃபீனிக்ஸிலிருந்து நேர்வழியில் போனால் மூன்றரை மணி நேரம். வில்லியம்ஸ் வழியாகத் தெற்கு வாசலுக்குப் போகும் பாதை அது. நான் சொல்வது கொஞ்சம் சுற்று: ஃப்ளாக்ஸ்டாஃப் தாண்டி 89-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கும் கேமரன் என்ற சிற்றூரில் இடதுபுறம் திரும்பி, 64-ஆம் சாலையில் டெசர்ட் வியூ வாசலுக்கு வாருங்கள். அந்த ஊருக்குத்தான் ரால்ஃப் கேமரனின் பெயர். பிரைட் ஏஞ்சல் பாதை நெடுகச் சுரங்க உரிமை பதிந்துவைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களிடம் ஒரு டாலர் சுங்கம் வாங்கியவர் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1920-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. அடுத்த ஆண்டே அவர் செனட்டரும் ஆனார். பாதை பூங்காவின் கைக்கு வந்தது 1928-ல்.

கிளம்பும்போது ஃபீனிக்ஸில் அரைக்கைச் சட்டை போதும். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம். பிப்ரவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி வரை இறங்குவது சாதாரணம், பனியும் பெய்யும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் அவர்கள் வெறும் செருப்போடு கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளிக் காலுறை, குல்லாய், கையுறை, தண்ணீர் புகாத ஷூ எல்லாம் வேண்டும். பனி கொட்டினால் டெசர்ட் வியூ சாலையை மூடிவிடுவார்கள், ஆகவே காலையில் சாலை நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள். வடக்கு விளிம்பை மறந்துவிடுங்கள், குளிர்காலத்தில் அங்கே கார் போகாது.

காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரோடு போகிறவர்கள் பாஸ் விவரத்தை முன்னாலேயே பார்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள்.

வாசலைத் தாண்டியதும் காவற்கோபுரம். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-ல் கட்டியது. எல்லாரும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் உள்ளே ஏறுங்கள். சுவரோவியங்களை வரைந்தவர் ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி. கொலராடோ ஆற்றில் முதன்முதலில் போனவனின் கதையை, அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களில் ஒருவரே வரைந்திருக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கோடு உறவுள்ள பழங்குடிகள் பதினொன்று. பூங்கா என்று கோடு போட்டபோது அவர்களில் பலருடைய வீடும் தோட்டமும் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டன. கீழே ஓடையோரம் பயிர் செய்துவந்த ஹவசுபாய் மக்களை 1928-ல் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. 1975-ல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் நிலம் அவர்களுக்குத் திரும்பியது. அந்த ஓடையோரத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற பெயர் 2022-ல் வந்தது. பிறந்த நாள் கொண்டாடும் குழந்தைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல முடிவு என்று நாம் கொண்டாடுவதிலும் ஒரு தப்பு கலந்திருந்தது என்பது அவர்களுக்குப் புரியும் வயது ஏழோ எட்டோதான்.

26-ஆம் தேதி

சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னால் வரும். ஆறரைக்கு விளிம்பில் மேத்தர் பாயிண்ட் என்ற பார்வை முனையில் இருங்கள். விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புக் கம்பி கிடையாது, உறைபனியில் கால் வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

பார்வையாளர் மையம் திறந்ததும் இரண்டு வேலை. தேசியப் பூங்காக்களுக்கென்று விற்கும் பாஸ்போர்ட் புத்தகத்தில் அன்றைய தேதியோடு முத்திரை குத்திக்கொள்ளுங்கள். பிப்ரவரி 26 என்று விழும் அந்த முத்திரை வேறு எந்த நாளும் கிடைக்காது. பிறகு, குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் இலவசமாக வாங்குங்கள். முடித்துக்கொடுத்தால் ரேஞ்சர் உறுதிமொழி சொல்லவைத்து பேட்ஜ் தருவார். பெரியவர்களும் செய்யலாம். என் அப்பா எழுபது வயதில் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னார்.

அன்றைக்கு வேறு எதைச் செய்யாவிட்டாலும் "டிரெயில் ஆஃப் டைம்" நடந்துவிடுங்கள். 2010-ல் திறந்த பாதை, யவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பக்கம் போகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் தரையில் ஒரு வெண்கலக் குறி. ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. அருங்காட்சியகத்தில் இன்று, மேற்கே நடக்க நடக்கப் பழங்காலம். பள்ளத்தாக்கின் கல் ஒவ்வொன்றையும் அது பிறந்த காலத்துக்கு எதிரே வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். ஆறாவது மீட்டருக்குள் கொலராடோ ஆறு பள்ளத்தாக்கை அறுக்கத் தொடங்கிவிடுகிறது. 270-ஆவது மீட்டர் வாக்கில், நீங்கள் நிற்கும் விளிம்பின் கைபாப் சுண்ணாம்புக்கல் வருகிறது. பிறகு நடந்துகொண்டே இருக்க வேண்டும். 1,750 வாக்கில் விஷ்ணு ஷிஸ்ட் என்ற பாறை, 1,840-ல் பள்ளத்தாக்கின் மிகப் பழைய கல்.

முதல் குறியில் எல்லாரையும் குனிந்து உட்காரச் சொல்வேன். இந்த அளவில் பூங்காவின் வயது எவ்வளவு? நூறு ஆண்டு என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு தலைமுடியின் தடிமன். பிறகு ஒருவர் தலையிலிருந்து முடி ஒன்றைப் பிடுங்கி அந்தக் குறியின் மேல் வைத்துப் பார்ப்போம். பார்த்த பிறகு முடியைப் பையில் போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கொண்டாட்டத்தின் நடுப்பகுதி இதுதான்.

எனக்கென்று ஒரு மீட்டர் இருக்கிறது. பல்லாவரத்துச் சார்னோக்கைட் கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி. 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்வகைக்குப் பெயர் வைத்தார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்தக் கல்லில்தான் இருக்கிறது, பெயரும் அவருடையதுதான். கேன்யனின் அடிக்கல்லைத் தாண்டி இன்னும் அறுநூற்றைம்பது மீட்டர் போனால் எங்கள் ஊர். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரை நடந்துவிட்டுத்தான் திரும்புவேன்.

விஷ்ணு என்ற பெயரைப் பார்த்து ஊர்க்காரர்கள் அசந்துபோவார்கள். 1880-களில் இந்தப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், உள்ளே நிற்கும் பாறைச் சிகரங்களைக் கோயில்களாகப் பார்த்தார். விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள் இரண்டும் அந்த வழியில் வந்த பெயர்கள். யாக்கி பாயிண்டிலிருந்து விஷ்ணு டெம்பிள் நன்றாகத் தெரியும். சொந்தக் காரை அங்கே விடமாட்டார்கள், ஆரஞ்சு வழிப் பேருந்தில் போங்கள், இலவசம்.

அங்கே நின்றபோது அப்பா கேட்டார்: "ஏம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு தேங்கா உடைக்கக் கூடாதா?"

"கூடாதுப்பா. பூ போடக்கூடாது, காசும் போடக்கூடாது."

காசு விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பறக்கும் கலிஃபோர்னியா காண்டர் கழுகுகள் 1980-களில் மொத்தமே 22 என்ற நிலைக்குப் போய் மீண்டவை. வடக்கு அரிசோனாவில் 1996-ல் மறுபடி விட்டார்கள். ஒன்பதரை அடி இறக்கை விரிப்பு. பளபளவென்று கீழே கிடக்கும் நாணயத்தை அவை விழுங்கிவிடுகின்றன. பலூன், வண்ணக் காகிதத் தூள் எதுவும் வேண்டாம். கல்லை அடுக்கி வைக்காதீர்கள், ஒரு கூழாங்கல்கூட எடுத்துவராதீர்கள். டிரோனுக்குத் தடை இருக்கிறது. அப்பா கையைக் கூப்பிக் கும்பிட்டார். அதற்குத் தடையில்லை.

இறங்கி நடக்க ஆசையிருந்தால் சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை போதும், ஒன்றரை மைல். மேலே உள்ள வளைவுகளில் வெயிலே படாமல் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் இல்லாமல் கால் வைக்காதீர்கள். பாதையில் தண்ணீர் கிடையாது. இறங்க ஒரு பங்கு நேரம் ஆனால் ஏற இரண்டு பங்கு. கோவேறு கழுதைகள் வந்தால் ஓட்டுகிறவர் சொல்லும் பக்கம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் பிரைட் ஏஞ்சல் பாதையின் தொடக்கத்தில் நின்றாலே போதும். என் மகன் அங்கே கேமரன் ஆகிவிடுவான். "ஒரு டாலர் எடுங்க, அப்புறம் இறங்குங்க" என்று வழிமறிப்பான். பக்கத்திலேயே பிரைட் ஏஞ்சல் லாட்ஜ். அதன் வரலாற்று அறையில் உள்ள கணப்படுப்பைப் பள்ளத்தாக்கின் பாறை வரிசைப்படியே கோல்ட்டர் கட்டவைத்தார், அடியில் ஆற்றோரக் கல், உச்சியில் கைபாப்.

சாப்பாட்டுக்கு புளியோதரை, தயிர்சாதம், கேக்குக்குப் பதில் ரவா கேசரி. சமைத்தே எடுத்துவாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு நறுக்கரிசியாகவே நிற்கும். பையின் ஜிப்பை அண்டங்காக்கைகள் திறந்துவிடும், எச்சரிக்கை. டெசர்ட் வியூ சாலையில் நிறுத்திவிட்டுப் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் ஷோஷோன் பாயிண்ட் வரும். எங்கள் பிறந்த நாள் சாப்பாடு அங்கேதான்.

மாலைக்கு ஹெர்மிட் சாலை. மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே பேருந்துதான், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதம் மட்டும் நம் காரிலேயே போகலாம். ஏழு மைல், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பாட்டி தாத்தாவோடு வருகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஹோப்பி பாயிண்டில் ஆறு மணிக்கு முன் இடம் பிடியுங்கள். இருட்டிய பிறகும் ஓடிவந்துவிடாமல் ஃப்ளாஸ்க் காப்பியோடு அரை மணி நேரம் இருங்கள். 2019-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று சான்று பெற்ற இடம் இது. கார்த்திகையையும் திருவாதிரையையும் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வானம் கிடைக்காது. சிவப்பு ஒளி டார்ச் கொண்டுபோங்கள்.

இரவே ஃபீனிக்ஸ் திரும்ப வேண்டாம். இருட்டில் எல்க் மான்கள் சாலைக்கு வரும், மோதினால் கார் மிஞ்சாது. பூங்காவுக்குள்ளே தங்க இடம் பிடிப்பதுதான் நல்லது. விளிம்போர லாட்ஜ்களுக்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 26-க்கு அறை வேண்டுமென்றால் இந்த ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் வாசலுக்கு வெளியே டுசாயனில் பாருங்கள், ஐந்து நிமிடத் தூரம்.