பழைய ஸ்விஃப்டில் புரொஜெக்டர் ஹெட்லைட்: வீட்டிலேயே பொருத்தும் முறை

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பலரும் முதலில் செய்வது, எச்4 பல்பை (கிட்டே விழும் லோ பீமுக்கும் தூரம் போகும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை உள்ள பல்பு) கழற்றிவிட்டு அதே இடத்தில் எச்ஐடி எனப்படும் செனான் வாயு பல்பையோ எல்இடி பல்பையோ செருகுவதுதான். ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதுபோலத் தெரியும். எதிரே வருபவருக்குக் கண் கூசிச் சாலையே தெரியாது. எச்4 பல்புக்குள் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி விழாமல் தடுப்பது அதுதான். ஒளி அங்கே விழுந்தால் மேல்நோக்கித் தெறித்து, நேராக எதிராளியின் கண்ணுக்குப் போகும். வேறு வகைப் பல்பைச் செருகும்போது ஒளி பிறக்கும் இடமும் கிண்ணத்தின் அளவும் மாறிவிடுவதால் ரிஃப்ளெக்டரின் கணக்கே தவறிவிடுகிறது.

புரொஜெக்டரில் இந்த வேலையைப் பல்பு செய்வதில்லை. நீள்வட்டக் கிண்ணம் ஒளியைக் குவிக்கிறது, நடுவில் நிற்கும் தகடு தேவையற்ற ஒளியை வெட்டுகிறது, முன்னால் உள்ள குவிவில்லை அந்த விளிம்பைச் சாலையில் கூர்மையான கோடாக விழவைக்கிறது. இந்தக் கோட்டைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். கோட்டுக்குக் கீழே நல்ல வெளிச்சம், மேலே இருட்டு. அந்தக் கோடு மட்டமாகவும் சரியான உயரத்திலும் விழவேண்டும். கீழே வரும் அத்தனை வேலையும் அதற்காகத்தான்.

2005 முதல் 2011 வரை வந்த முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரே எச்4 பல்பு, வரியில்லாத தெளிந்த பிளாஸ்டிக் கண்ணாடி என்பதால் தொடக்கநிலையினருக்கு ஏற்ற விளக்கு. எச்4 பல்பும் தெளிந்த முன்கண்ணாடியும் உள்ள மற்றக் கார்களுக்கும் இதே முறைதான். முன்கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளம் உள்ள பழைய விளக்குகளில் புரொஜெக்டரை வைக்காதீர்கள். அந்த வரிகள் கட்-ஆஃபைக் கலைத்துவிடும். பழைய ஜீப்பில் உள்ள 7 அங்குல வட்ட விளக்கு என்றால், அதே அளவில் முழு புரொஜெக்டர் விளக்காகவே கிடைக்கிறது. அதற்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

சட்டத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றங்கள் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்குக் கூசக்கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எச்4 துளை வழியாகப் பின்னால் நீளும் மரைத்தண்டும் பூட்டு நட்டும் உள்ள 2.5 அங்குல பை-செனான் புரொஜெக்டர்தான் (ஒரே எச்ஐடி பல்பால் லோ, ஹை பீம் இரண்டையும் தருவது) முதல்முறை செய்பவருக்கு ஏற்றது. ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டியிருக்காது. 3 அங்குலம் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலான சின்னக் கார்களில் உள்ளே இடம் போதாது. பை-எல்இடி வாங்கினாலும் பொருத்தும் முறை இதுவே. எச்ஐடி பல்பைப் பற்றவைத்து எரியவைக்கும் மின்பெட்டியான பேலஸ்ட் அதற்கு வேண்டாம். பின்னால் உள்ள ஃபேனுக்குக் காற்றும் இடமும் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள்.

இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான புரொஜெக்டர்தானா என்று கடையிலேயே சுவரில் ஒளியை அடிக்கச்சொல்லிப் பாருங்கள். நம் ஊருக்குக் கோடு வலப்பக்கம் தாழ்ந்தும், நடுவிலிருந்து இடப்பக்கம் ஏறியும் இருக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்கான பெரும்பாலான புரொஜெக்டர்களில் வலப்பக்கம் ஏறும். அதை மாட்டினால் எதிரே வருபவரின் கண்ணில்தான் போய் நிற்கும். எந்தத் திருகாணியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஹை பீம் கொடுத்தால் உள்ளே "டக்" என்று தகடு விழும் சத்தமும் கேட்க வேண்டும்.

பல்பு 4300 கெல்வின் வாங்குங்கள். 6000, 8000 என்று ஏற ஏற நிறம் நீலமாகும், வெளிச்சம் குறையும், மழையில் சாலை தெரியாது. எச்4 லோ பீமின் ஒளி அளவு ஏறக்குறைய 1,000 லூமென். தரமான 35 வாட் டி2எஸ் வகை எச்ஐடி பல்பு 3,200 லூமென் தரும். 55 வாட் பேலஸ்ட் வேண்டவே வேண்டாம். அந்தச் சூடு கிண்ணத்தின் பூச்சைக் கருக்கிவிடும்.

சாமான்கள்: புரொஜெக்டர் 2, அதற்கேற்ற பல்பு 2, 35 வாட் பேலஸ்ட் 2, பை-செனானுக்கான ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வயரிங் 1 செட், சூட்டில் இளகும் கறுப்பு பியூட்டைல் சீலன்ட் கயிறு நாலரை மீட்டர், ஹீட் கன், மல்டிமீட்டர், 10 மி.மீ. ஸ்பேனர், பிளாஸ்டிக் நெம்பி, பருத்திக் கையுறை, ஹீட் ஷ்ரிங்க் குழாய், சுவரில் ஒட்ட மாஸ்கிங் டேப்.

1. பழைய ஒளியைக் குறித்துவையுங்கள்

எதையும் கழற்றும் முன் மட்டமான தரையில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டேஷ்போர்டில் உள்ள ஹெட்லைட் உயரத் திருகு 0-இல் இருக்கட்டும். இரண்டு விளக்குகளின் மையத்துக்கும் நேரே செங்குத்தாக இரண்டு டேப், மைய உயரத்தில் கிடையாக ஒரு டேப் ஒட்டுங்கள். வேலை முடியும்வரை அவற்றை எடுக்காதீர்கள்.

2. வயரிங் எந்த வகை என்று சோதியுங்கள்

இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் மாட்டிய பிறகு ஹை பீம் வராமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும். எச்4 சாக்கெட்டைக் கழற்றி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் மூன்று துளைகளையும் லோ பீமிலும் ஹை பீமிலும் தொட்டுப்பாருங்கள். லோவில் ஒரு துளையிலும் ஹையில் வேறொரு துளையிலும் 12 வோல்ட் வந்தால் பாசிட்டிவ் சுவிட்ச் வகை. ஒரே துளையில் இரண்டு நிலையிலும் 12 வோல்ட் நின்றால் நெகட்டிவ் சுவிட்ச் வகை. ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் இது உண்டு. அதற்கேற்ற வயரிங் செட் வாங்க வேண்டும்.

3. விளக்கைக் கழற்றுங்கள்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் தொடங்குங்கள். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பம்பரைக் கழற்றினால்தான் விளக்கின் கீழ் போல்ட் கைக்கு எட்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும். பத்துப் பன்னிரண்டு புதிதாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

4. விளக்கைத் திறப்பது

பல்புகள், ரப்பர் மூடிகள், திருகாணிகள், உலோகக் கிளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு திருகாணி மறந்துபோனாலும் நெம்பும்போது ஓரம் உடையும். விளக்கு கொள்ளும் பெரிய ஓவன் இருந்தால் 100 டிகிரியில் 7 முதல் 10 நிமிடம் போதும். நம் வீடுகளில் அது அரிது என்பதால் ஹீட் கன்தான் வழி. குறைந்த சூட்டில், 10–15 செ.மீ. தள்ளிப் பிடித்து, சீலன்ட் ஓடும் பள்ளத்தைச் சுற்றி நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், பிறகு எத்தனை சீலன்ட் வைத்தாலும் தண்ணீர் புகும். சீலன்ட் மிட்டாய்போல இழுபட ஆரம்பித்ததும் ஒரு மூலையில் நெம்பித் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக விலக்குங்கள். இழுபடாமல் கடினமாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பியூட்டைல் அல்ல. அந்த விளக்கில் முதல் முயற்சி வேண்டாம். பழைய பாகக் கடையில் வேறொரு ஜோடி பாருங்கள்.

ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். தூசியைக் காற்றால் ஊதிவிட்டால் போதும்.

5. புரொஜெக்டரைப் பொருத்துங்கள்

பல்புக்கு முன்னால் ஒரு சின்னத் தொப்பிபோன்ற தகடு இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். மரைத்தண்டை முன்பக்கமிருந்து எச்4 துளைக்குள் விட்டு, பின்னால் எச்4 அடாப்டர் தகடு, சிலிக்கான் வாஷர், பூட்டு நட்டு என்ற வரிசையில் போடுங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பல்பைக் கையுறையுடன் பிடித்துச் செருகுங்கள்; விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் அந்த இடத்தில் சூடேறி ஆயுள் குறையும்.

6. சுற்றைச் சேருங்கள்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு 2.5 சதுர மி.மீ. வயர். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 87-ஆம் முனையிலிருந்து இரு பேலஸ்டுகளுக்கும். 85, 86 முனைகளுக்கு ஒரு பக்கத்து எச்4 சாக்கெட்டிலிருந்து சிக்னல். பழைய சாக்கெட் வழியாகவே பேலஸ்டுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். பற்றவைக்கும் நொடியில் பேலஸ்ட் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும், மெல்லிய பழைய வயரில் வோல்ட் இறங்கி விளக்கு சிமிட்டும்.

எச்4 சுற்றில் ஹை பீம் போட்டதும் லோ பீம் அணைந்துவிடும். பை-செனானில் அப்படி அணையக்கூடாது. பல்பு எரிந்துகொண்டே இருக்க, சோலினாய்டு எனும் மின்காந்தம் தகட்டை மட்டும் இறக்க வேண்டும். இதற்கான டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) நல்ல வயரிங் செட்டில் உள்ளேயே இருக்கும். ஹை பீம் போட்டதும் இருட்டாகிவிட்டால் குறை இங்கேதான்.

பேலஸ்டிலிருந்து பல்புக்குப் போகும் பக்கத்தில் பற்றவைக்கும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். விளக்கு எரியும்போது அந்த இணைப்பைத் தொடக்கூடாது. பேலஸ்டை எஞ்சின் சூடும் மழைத்தண்ணீரும் படாத இடத்தில், வயர் கீழ்நோக்கி இறங்கும்படி பிராக்கெட்டில் போல்ட் போட்டு மாட்டுங்கள். டபுள் டேப் கோடைச் சூட்டில் விட்டுவிடும். எர்த் வயருக்குப் பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் போல்ட் போடுங்கள்.

7. ஒட்டும் முன் மட்டம் பாருங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். முன்கண்ணாடி இல்லாமலே விளக்கைக் காரில் இரண்டு போல்ட்டில் மாட்டி, விளக்கின் சரிப்படுத்தும் திருகாணிகளை அவற்றின் ஓட்டத்தில் நடுவில் வைத்து, பல்பை எரியவிடுங்கள். சுவரில் விழும் கோடு டேப்புக்கு இணையாக இருக்கிறதா? ஒருபக்கம் சாய்ந்திருந்தால் புரொஜெக்டரை லேசாகச் சுழற்றுங்கள். மேல்-கீழ், இட-வலம் இரண்டையும் பிறகு திருகாணியால் சரிசெய்யலாம். சாய்வைச் சரிசெய்ய எந்தத் திருகாணியும் கிடையாது, இப்போது விட்டால் மறுபடி விளக்கைத் திறக்கத்தான் வேண்டும்.

நட்டை இறுக்கும்போது புரொஜெக்டரும் கூடவே சுழலும். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இறுக்கட்டும். இறுக்கிய பிறகு மீண்டும் பாருங்கள். இரண்டு விளக்கும் ஒத்துப்போனதும் நட்டின் ஓரத்தில் இரண்டு-கலவை எபாக்ஸி வையுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியிலும் வெள்ளிப் பூச்சிலும் வெள்ளையாகப் படியும். புரொஜெக்டரைச் சுற்றி அலங்கார வளையம் வைப்பதானால் அதன் விளிம்பு ஒளியை மறைக்கக்கூடாது. அதையும் எபாக்ஸியால் ஒட்டுங்கள், ஹாட் குளூ சூட்டில் உருகும்.

8. மூடுவது

பழைய சீலன்டை முடிந்தவரை முழுவதும் எடுத்துவிட்டு, புதிய கயிற்றை இடைவெளியில்லாமல் பள்ளத்தில் சுற்றுங்கள். முனைகள் சேரும் இடம் விளக்கின் மேற்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் சூடேற்றி, முன்கண்ணாடியைச் சுற்றிலும் அழுத்தி, கிளாம்ப் போட்டு ஆறவிடுங்கள். வீட்டுச் சிலிக்கான் சீலன்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுத்தமுறை உடைக்காமல் திறக்க முடியாது. விளக்கின் பின்னால் உள்ள காற்றுக் குழாய்களைத் தண்ணீர் வரும் என்று பயந்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே பனி படிவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

9. கடைசி அளவு

எல்லாம் மாட்டியபின் முதலில் நின்ற அதே இடத்தில் நிறுத்துங்கள். 7.5 மீட்டரில், கோட்டின் தட்டையான பகுதி மையக்கோட்டுக்கு 7.5 முதல் 11 செ.மீ. கீழே விழ வேண்டும். அதாவது ஒரு சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதம் வரை சரிவு. கோடு ஏறத்தொடங்கும் முழங்கை அந்தந்த விளக்கின் செங்குத்து டேப்பில் இருக்கட்டும். கோட்டின் ஓரத்தில் தெரியும் நீலச் சாயல் குறையல்ல. வில்லையில் ஒளி பிரிவதால் வருவது.

ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் சுவரில் பாருங்கள், அதிர்வில் திருகாணி நகர்ந்திருக்கலாம். பின்இருக்கையில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் முன்பக்கம் தூக்கும், அந்தக் கூர்மையான கோடும் கூடவே மேலேறும். அப்போது டேஷ்போர்டுத் திருகை 0-இலிருந்து 2-க்கோ 3-க்கோ இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். பாரம் இறங்கியதும் திரும்ப 0.