பெட்ரோல் பங்க்கின் நிலத்தடி டேங்க் கசிகிறதா?

மண்ணைச் சோதிக்கத் துளை போடும் முன் பங்க் மேனேஜரின் டிப் ராட் நோட்டை, அதாவது டேங்கில் கோல் விட்டு அளந்த இருப்பை எழுதும் நோட்டைப் புரட்டுங்கள். விற்பனைக் கணக்குக்கு மேல் இருப்பு நாள்தோறும் குறைந்தால் கசிவுச் சந்தேகம் வலுக்கும்.

குழாய்கள் போகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நிலத்தடி நீர் ஓடும் பக்கமாகக் கை ஆகரை (கையால் திருகி மண் எடுக்கும் துளைக்கருவி) இறக்குவேன். அரை மீட்டருக்கு ஒரு பிடி மண். பாதியை ஜிப் கவரில் மூடி, சற்றுப் பொறுத்து பெட்ரோல் ஆவியை அளக்கும் பிஐடி மீட்டரின் முனையை நுழைப்பேன். மூக்கை நுழைக்காதீர்கள், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் தரும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், அதனால் நீர்மட்டத்தை ஒட்டிய மண்ணை விடவே கூடாது.

லேபுக்கான பாதி உடனே கண்ணாடிக் குப்பிக்கு, விளிம்பு வரை, பிறகு ஐஸ் பெட்டிக்கு. ஒருமுறை சோம்பேறித்தனமாக பிளாஸ்டிக் பையில் மே மாத வெயிலில் கொண்டுபோனேன். ஆளைத் தூக்கும் வாடை அடித்த மண்ணுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது; பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிட்டது.