பனிக்கட்டி உருகும்போது வெப்பமானியைப் பாருங்கள்

எட்டாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்துவதே இந்தச் சோதனையில்தான். ஆய்வக வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்கி, பாத்திரத்தில் போட்டு மிகச் சிறிய தீயில் வையுங்கள். வெப்பமானியின் குமிழ் அடியைத் தொடக்கூடாது. கிளறிக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். கிளறாவிட்டால் அடியில் சூடு, மேலே பனி என்று கணக்கு குழம்பும்.

அளவு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்பு எரிகிறது, சூடு எங்கே போகிறது? இதைப் பிள்ளைகளே கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

பனியில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்திலேயே அதிர்கிறது. நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில், அதாவது ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பிடியில், இருக்கிறது. வரும் வெப்பம் அந்தப் பிடிகளில் சிலவற்றை அறுக்கவே செலவாகிறது, மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்ட அல்ல. வேகம் கூடினால்தான் வெப்பமானி ஏறும். மூலக்கூறு உடைவதில்லை, உருகுவதும் இல்லை. இடம் மாறி நழுவும் சுதந்திரம் பெறுகிறது, அவ்வளவுதான். 1 கிராம் பனி உருக சுமார் 80 கலோரி வேண்டும். அதே வெப்பம் 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடும்!

கடைசித் துண்டு கரைந்தபின்தான் அளவு ஏறும்.

நேரமிருந்தால் உறைந்த தேங்காயெண்ணெயையும் உருக்கிப் பாருங்கள். பனி மிதக்கும், எண்ணெய்க் கட்டி அடியில் கிடக்கும். பனியின் அடுக்கில் வெற்றிடம் அதிகம், எண்ணெயில் அப்படியில்லை.