சின்னப் பிள்ளைகளோடு ஈஸ்டர்: பெரிய வெள்ளியோடு நின்றுவிடாதீர்கள்

இந்த வருடமும் ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டில், எங்கள் அன்பியத்து (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு) இளந்தாய்மார் மூன்று பேரைப் பார்த்தேன். மூவர் தோளிலும் பிள்ளைகள் தூக்கம். முந்தின நாள் அதே பிள்ளைகள் சிலுவைப்பாதையில் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார்கள். என் மூத்தவனுக்கு மூன்றரை வயதானபோது நானும் இப்படித்தான் செய்தேன்.

வேகும்போது முட்டை கீறல் விடுவது, சாக்லேட் உருகுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதை ஒரே வருடத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

துக்கத்தை முழுசாகக் காட்டி, உயிர்ப்பைத் தூங்கவிடுவது

பெரிய வெள்ளியன்று அவனுக்கு ஆணி, முள்முடி, ரத்தம் எல்லாவற்றையும் விளக்கினேன். சிலுவை முத்தி செய்ய வரிசையிலும் நிறுத்தினேன். சனி இரவு 11 மணிக்குத் திருவிழிப்பு. புதுத்தீ மூட்டும்போதே தூங்கிவிட்டான். மகிமைப் பாட்டான வானவர் கீதத்துக்கு மணி அடித்ததும், வெளியே வெடி போட்டதும் அவனுக்குத் தெரியாது. வீடு திரும்ப 2 மணி. ஞாயிறு காலை நாங்கள் ஒன்பது வரை தூங்கினோம். அப்புறம் பிரியாணி, விருந்தாளிகள்.

செவ்வாய்க்கிழமை சோறு ஊட்டும்போது கேட்டான்: "இயேசப்பா இன்னும் எந்திரிக்கலையாம்மா?"

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. நாற்பது நாள் தவக்காலம் இருந்து, பிள்ளை மனசில் நான் விட்டது ஒரு சாவு மட்டும். அடுத்த ஆண்டு சிலுவையைப் பார்த்தாலே அழுதான். அது தெளிய இரண்டு வருடம் ஆனது.

அதன்பிறகு மாற்றினோம். திருவிழிப்புக்கு நானோ அவரோ ஒருவர்தான் போவோம். மற்றவர் ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். வெள்ளியன்று ஒரு தட்டில் மண் பரப்பி, பாதிச் சிரட்டையைக் கவிழ்த்துக் கல்லறை செய்வோம். சிரட்டையின் உடைந்த ஓரம்தான் வாசல். வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னப் பொம்மையை உள்ளே வைப்பார்கள். கூழாங்கல்லை வைத்து அடைப்பது கடைக்குட்டியின் வேலை. சனிக்கிழமை அதை யாரும் தொடக் கூடாது. கோவில் மணியும் வியாழன் இரவிலிருந்து ஒலிக்காது. அந்த அமைதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஞாயிறு விடியுமுன் எழுப்புங்கள். கல் உருண்டு கிடக்க வேண்டும். உள்ளே துணி மட்டும். யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் தலையை மூடியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று வரும். அதையும் அப்படியே தனியாக வையுங்கள். என் மகள் அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மடிச்சு வச்சிட்டுப் போயிருக்காரு" என்று கத்தினாள். அதுதான் எங்கள் வீட்டு அல்லேலூயா. தவக்காலம் முழுக்கப் பாடாத சொல்லை அப்போது பாடுங்கள்.

முட்டைச் சாயம்

பல்லாரி (பெரிய வெங்காயம்) தோலைக் கொதிக்க வைத்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, வெள்ளை முட்டையை வேகவைத்தால் செம்பழுப்பு ஏறும். நாட்டு முட்டை வேண்டாம், ஓடு ஏற்கெனவே பழுப்பு. முட்டை வெறும் விளையாட்டில்லை, மூடிய கல்லறையின் அடையாளம் என்று சொல்லி உடைக்கக் கொடுங்கள். ஏப்ரல் வெயிலில் ஒளித்து வைத்ததைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். சாப்பிட வேறு முட்டை வேகவையுங்கள்.

மெழுகுதிரி

நைலான் கவுன் போட்ட பிள்ளை கையில் வேண்டாம்.

முயல்

ஈஸ்டர் முயல் பொம்மையெல்லாம் காலியான கல்லறையைப் பிள்ளைகள் பார்த்ததற்கு அப்புறம்தான்.

திங்கட்கிழமையே எடுத்து வைப்பது

ஈஸ்டர் ஒரு நாள் இல்லை, தூய ஆவியின் திருநாளான பெந்தக்கோஸ்து வரை 50 நாள். 2026-ல் ஏப்ரல் 5 தொடங்கி மே 24 வரை. சிரட்டைத் தட்டு சாப்பாட்டு மேசையிலேயே இருக்கட்டும். மண்ணில் வெள்ளியன்றே கொஞ்சம் வெந்தயம் தூவியிருந்தால், சில நாளில் முளை எட்டிப்பார்க்கும். தினமும் தண்ணீர் தெளிக்கப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். முறை வைத்துக் கொடுங்கள்.