தாழ்வாரத்திலிருந்து மேடைவரை: சிங்கப்பூரில் செய்திப் புகைப்படக் கலைஞராக

முதலில் உங்கள் பேட்டையில் மறைந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2014இல் மறுமேம்பாடு அறிவிக்கப்பட்ட தங்ளின் ஹால்ட் வட்டார வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளைப் போல, மக்கள் இடம்பெயரும் இடத்திற்கு ஒருமுறை சென்று திரும்புவது போதாது. ஒரே தாழ்வாரத்திற்குப் பல மாதங்கள் சென்று, அங்குள்ள பாட்டி உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலை வந்த பிறகே, 35 மி.மீ. வில்லையுடன் அருகில் நின்று படமெடுக்க வேண்டும். இந்தப் பொறுமையே இத்தொழிலின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை காவடி சுமப்பவரைப் பலரும் எடுப்பார்கள். அவருக்குத் தண்ணீர் ஏந்தி உடன் நடக்கும் தங்கையையும் பாருங்கள்.

நட்சத்திர நிகழ்ச்சிகளுக்கும் இதே கண் வேண்டும். வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியின் பிரதான விழா போன்ற விருது மேடைகளில் 70-200 மி.மீ. வில்லையும் நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் கைகொடுக்கும். ஆனால் விருது வாங்கும் காட்சி எல்லாரிடமும் இருக்கும் என்பதால், அனுமதி பெற்று ஒத்திகையையும், கைப்பேசியை உயர்த்தி நிற்கும் ரசிகர்களையும் பதிவுசெய்யுங்கள். புகழ் எப்படி உருவாகிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

யார், எங்கே, எப்போது என்ற குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

பணம் பெற்று எடுக்கும் படங்களுக்கு, 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை எடுத்தவரே முதல் உரிமையாளர். ஊழியராக எடுத்தால் பொதுவாக உரிமை முதலாளிக்குச் செல்லும். ஆகவே கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பகுதியை இருமுறை படியுங்கள்.