கேமரன் மலைக்குப் பழைய பிக்கப்பில் போவதற்கு முன்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு வீட்டில் எல்லோரும் மலேசியாவின் கேமரன் மலை என்றார்கள். என் டீசல் பிக்கப்புக்கு வயதாகிவிட்டது. சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு 20 ஆண்டுதான் ஆயுள், அதையும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

தொல்லை இன்ஜின் சூடுதான். நெடுஞ்சாலையில் சூடு காட்டும் முள் அசையாது. உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வரிசையில் ஏசி போட்டு நின்றால் ஏறும். ஓடும்போது சரி, நிற்கும்போது சூடு என்றால் எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் ஃபேன் மேல்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஃபேனைக் கையால் சுற்றினேன். இழுத்துப் பிடிக்க வேண்டியது, காற்றாடி மாதிரி லேசாகச் சுழன்றது. சூடானதும் ஃபேனை இன்ஜினோடு பிடித்துச் சுற்றவைக்கும், நடுவிலிருக்கும் ஃபேன் கிளட்ச்சில் சிலிகோன் எண்ணெய் கசிந்து, தூசியோடு கறுப்பாக அப்பியிருந்தது. காக்கி புக்கிட் மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே, “இது போச்சு தம்பி, மாத்திடு” என்றார்.

கிளட்ச்சோடு ரேடியேட்டர் மூடியையும் மாற்றினோம். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சீக்கிரமே கொதித்துவிடும். (இன்ஜின் ஆறாமல் அதைத் திறக்கவே கூடாது.) பெல்ட்டும் புதுசு. கழற்றியது இன்னும் நன்றாக இருந்ததால் அதுவே ஸ்பேர்.

ஸ்பேர் பெட்டியில் அப்புறம் மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ் (ரப்பர் குழாய்), அதை இறுக்கும் கிளாம்ப், ஃபியூஸ், கலந்து வைத்த கூலன்ட். ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) மாதிரி கனமானதை நான் சுமப்பதில்லை, ஈப்போவில் வாங்கிக்கொள்ளலாம்.

தாப்பாவிலிருந்து மலை ஏறும் வளைவுகளிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. ஸ்பேர் பெட்டியால் காய்கறிக்கு இடமில்லை என்று மனைவிக்குத்தான் கோபம்.